அடிமணலின் நிறமும் மீனின் நிறமும்

மீன்தொட்டியின் அடியில் பரப்பும் மணலின் நிறம், அதன்மேல் நீந்தும் மீனின் நிறத்தை மாற்றிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் படும் தோற்றம் அல்ல இது; மீனின் தோலிலேயே நடக்கும் மாற்றம். கடையில் நீலமும் சிவப்புமாக ஒளிர்ந்த நியான் டெட்ரா, வெள்ளைச் சரளை பரப்பிய தொட்டிக்கு வந்ததும் வெளிறிப்போகிறது. இடம் மாறிய மிரட்சி இதில் கொஞ்சம் உண்டு. அது சில நாளில் தணிந்துவிடும். மீன் நன்றாக இரை எடுத்தும் வெளிறல் மாறாமல் நின்றால், தரையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மீனின் தோலில் கிளைகள் விரிந்த நிறமிச் செல்கள் பரவிக் கிடக்கின்றன. சிலவற்றில் மெலனின் என்னும் கருநிறமி, சிலவற்றில் மஞ்சள், சிவப்பு நிறமிகள். இன்னொரு வகைச் செல்லில் நிறமியே இல்லை. குவானின் படிகத் தகடுகள் அடுக்கடுக்காக நின்று ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. நியான் டெட்ராவின் நீலக்கோடு இந்தத் தகடுகளின் வேலை. கருநிறச் செல்லில் உள்ள துகள்கள் கிளைகளெங்கும் பரவினால் மீன் கருக்கும். செல்லின் நடுவே குவிந்தால் வெளுக்கும். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் குவிந்திருக்கும்போது வெறும் பொட்டு. தண்ணீரில் கலந்தால் பாத்திரமே மஞ்சள். செல்லுக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். இந்த இடமாற்றத்துக்குச் சில நிமிடங்களே போதும்.

தரையின் நிறத்தை மீன் கண்ணால் அளக்கிறது. மேலிருந்து விழும் ஒளியையும் கீழிருந்து எழும் ஒளியையும் விழித்திரையின் வெவ்வேறு பகுதிகள் வாங்குகின்றன. இரண்டுக்கும் உள்ள விகிதமே சேதி. வெள்ளை மணல், விழுந்த ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். உடனே நரம்புகளும் ஹார்மோன்களும் கருந்துகள்களைக் குவிக்கின்றன. அப்படிக் குவிக்கும் ஹார்மோன் ஒன்று 1983இல் சால்மன் மீனின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தாலும் வெள்ளை மணல்மேல் மீன் வெளிறியே இருப்பதற்கு இதுவே காரணம்: வெளிச்சம் குறைந்தாலும் விகிதம் மாறுவதில்லை.

இந்தத் திறமை மீனுக்கு அழகுக்காக வாய்த்ததல்ல. அமெரிக்க உயிரியலாளர் பிரான்சிஸ் சம்னர் 1934இல் இதைச் சோதித்துக் காட்டினார். தமிழ்நாட்டுக் கிணறுகளில் கொசுப்புழு தின்ன விடப்படும் கம்பூசியா இன மீன்களில் சிலவற்றைக் கருப்புத் தொட்டியிலும் சிலவற்றை வெள்ளைத் தொட்டியிலும் பல வாரம் வளர்த்தார். பிறகு இரண்டையும் கலந்து கலாபகஸ் பெங்குயின் முன் விட்டார். தரையோடு நிறம் ஒட்டாத மீன்களே அதிகம் இரையாயின. வெள்ளைத் தரையில் வெளிறும் நியான் தன் உயிரைக் காக்கும் பழைய வழியைத்தான் பின்பற்றுகிறது. தொட்டியில் கொல்ல வருபவர் யாரும் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

பல வாரம் வளர்த்தது ஏன் என்பதும் முக்கியம். துகள்கள் நகர்வது உடனடி மாற்றம். தரை அப்படியே நீடித்தால் நிறமிச் செல்களின் எண்ணிக்கையே மாறும்: கருந்தரையில் கருநிறச் செல்கள் பெருகும், வெண்தரையில் குறையும். இதனால் கருப்பு மணல் எல்லா மீனுக்கும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. டிஸ்கஸ் மீனில் ‘பிஜன் பிளட்’ என்ற ஆரஞ்சு வகையை இருண்ட தரையில் வைத்தால் உடலெங்கும் மிளகுப்பொடி தூவினாற்போல் கரும்புள்ளிகள் எழும்பும். அதை வளர்ப்பவர்கள் வெளிர்நிறத் தரையையோ மணலே இல்லாத தொட்டியையோ நாடுவது அதனால்தான். மாறாக, நியான், கார்டினல் டெட்ரா, இலங்கையின் நிழலடர்ந்த காட்டோடைகளில் வாழும் பிளாக் ரூபி பார்ப் போன்றவற்றுக்கு இருண்ட தரையே பொருத்தம்.

கார்டினல் டெட்ராவின் ஊரான ரியோ நீக்ரோ ஆற்றில் வெண்மணல் நிறைய உண்டே என்று கேட்கலாம். உண்டுதான். ஆனால் அந்த ஆற்றுநீர் கடுந்தேநீரின் நிறம் கொண்டது. வெள்ளம் ஏறிய காட்டின் அடியில் மக்கிய இலைகள் மெத்தையாகக் கிடக்கின்றன. கீழிருந்து கண்ணுக்கு எழும் ஒளி சொற்பம். மணலின் பெயரைப் பார்க்காமல் மீன் உண்மையில் காணும் இருட்டைப் பார்க்க வேண்டும். வெளிர்மணலை ஏற்கெனவே பரப்பிவிட்டவர்கள் காய்ந்த நாட்டுவாதுமை இலைகளைப் போட்டால் தரையும் மூடும், நீரும் பழுப்பேறும்.

மனிதக் கண்ணின் கணக்கு வேறு. பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரல், ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரிவதை 1839இல் விரிவாக எழுதினார். நீலத்தின் அருகே ஆரஞ்சு எடுப்பாகத் தெரியும். பொன்மீன் தொட்டியில் நீலச்சரளை போடும் வழக்கத்துக்கு இந்த நியாயம் உண்டு. ஆனால் நிறம் எதுவானாலும் அதன் அடர்த்தியே மீனுக்குப் பெரிய சேதி. பளீரென்ற வான நீலத்தைவிட ஆழ்ந்த நீலமோ சாம்பலோ பழுப்போ மேல். இரு கண்ணுக்கும் பொதுவில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், பெரும்பாலான மீன்களுக்கு ஆற்றுப்படுகையின் நடுத்தரப் பழுப்பைச் சொல்லலாம்.

நிறம் பிடித்தாலும் பொருள் பொருந்த வேண்டும். வெண்மைக்காகப் போடும் பவளமணலும் பளிங்குத் துண்டுகளும் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தையும் ஏற்றும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்களுக்கு அது உகந்தது. மென்மையான நீரில் வாழும் நியானுக்கு ஆகாது. சில கற்களை எடுத்து வினிகர் ஊற்றிப் பார்த்தால் போதும்: நுரைத்தால் சுண்ணாம்பு. தரையைத் துழாவி மேயும் கோரிடோரஸ் மீனுக்குக் கூர்விளிம்புச் சரளை மீசையைப் புண்ணாக்கும். அதற்கு நயமான மணலே வேண்டும். வண்ணம் பூசிய கல்லை ஒரு வாரம் வாளி நீரில் ஊறவைத்துத் தேய்த்து, சாயம் விடுகிறதா என்று பார்த்த பிறகே தொட்டியில் சேர்க்க வேண்டும்.

வாங்கும்போது மணலை நனைத்துப் பார்ப்பது நல்லது. காய்ந்தபோது சாம்பலாகத் தெரிவது நீருக்குள் கருமையாகிவிடும். பழைய தொட்டியில் தரையை மாற்றுவதானால் ஒரே நாளில் முழுதும் அள்ளக் கூடாது. மீன்கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களில் ஒரு பகுதி அந்த மணலில்தான் குடியிருக்கிறது. வாரத்துக்கு ஒரு பகுதியாக மாற்றினால் நீர் கெடாது, மீனின் தோலும் அந்த வேகத்திலேயே புதுத்தரைக்குப் பழகிக்கொள்ளும்.