கானாவின் கோகோ உழவர்

நம் இல்லத்துச் சிறுவர் விரும்பி உண்ணும் சாக்லேட்டுக்கு மூலப்பொருள் கோகோ. உலகச் சந்தைக்கு வரும் கோகோவிற் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவில் விளைவது. 1957 மார்ச் 6-ஆம் நாள் விடுதலை பெற்ற கானா, நெடுங்காலம் இவ்வொரு விளைபொருளையே பெரிதும் நம்பி வாழ்ந்த நாடு. அதனை விளைவிக்கும் உழவரோ இன்றும் வறுமையினின்று மீளவில்லை. ஏன் என்று சிறிது பார்ப்போம்.

அவ்வுழவர் பெரும்பாலும் சிறு நிலமுடையோர். கன்று நட்டுக் காய் காண மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் செல்லும். காய்களைப் பிளந்து, வெண்சதையோடு கூடிய விதைகளைக் குவித்து, வாழையிலையால் மூடி ஆறு நாள் அளவு புளிக்க விடுவர். பின்னர்ப் பாய்களிற் பரப்பி வெயிலில் உலர்த்துவர். மழை தூறினால் ஓடிவந்து மூடவேண்டும். நெல் உலர்த்திப் பழகிய நம்மவர்க்கு இந்தப் பாடு புதிதன்று. உலர்ந்த விதை 64 கிலோ மூட்டையாக எடைக்கு வரும். விலை சொல்பவர் மட்டும் உழவர் அல்லர்.

1937-இல் ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் தமக்குள் கூடி விலையைத் தாழ்த்தியபோது, உழவர் பல மாதங்கள் விற்க மறுத்து நின்றனர். பின்னர் 1947-இல் கோகோ வாரியம் தோன்றியது. பருவத் தொடக்கத்தில் ஒரே விலையை அறிவித்துக் கொள்முதல் செய்வது அதன் முறை. உலக விலை சரியும்போது இது காப்பாகும் என்பதை நாம் மறுக்கவில்லை. விலை ஏறும்போது நேர்வது வேறு.

2024-இல் நோயாலும் தகாத மழையாலும் விளைச்சல் குன்ற, உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைக் கடந்தது. ஆனால் வாரியம் விளைச்சலின் பெரும்பகுதியை முன்னரே, பழைய விலைக்கு, விற்றிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கொள்முதல் விலையைப் பாதிக்கு மேல் உயர்த்தியும், அது உலக விலையிற் பாதியை எட்டவில்லை. எனவே மூட்டைகள் எல்லை தாண்டிக் களவாகச் சென்றன. இதற்கு உழவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. 2022 டிசம்பரில் அந்நாட்டின் விலைவாசி ஏற்றம் 54 விழுக்காடு. அம்மாதமே அரசு வெளிநாட்டுக் கடன் பலவற்றுக்குத் தவணை செலுத்துவதை நிறுத்தியது. உரமும் உப்பும் துணியும் எந்த விலைக்கு விற்றிருக்கும்!

2025-இல் உலக விலை மீண்டும் வீழ்ந்தது. உயர்ந்த விலையை நம்பி நட்ட கன்று அப்பொழுது காய்க்கத் தொடங்கியிராது. இதற்கிடையே தங்கம் தோண்டுவோர் உழவரிடம் நிலம் கேட்டு வருகின்றனர். கொடுத்தவர்க்கு ஒருமுறை ரொக்கம் கிடைக்கும், மரங்கள் வீழும். மேல்மண் அகன்று, மழைநீர் தேங்கிய குழிகளே அங்கு எஞ்சுகின்றன.