முதலை வதந்தியும் 29சி பேருந்தும்

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது, தென்சென்னையில் பல இடங்களில் செல்போன்கள் செத்துக் கிடந்தன. இதற்கு நடுவிலும் ஒரு வதந்தி ஊரைச் சுற்றியது: முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டனவாம்! பண்ணை நிர்வாகமே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

டவரை நம்பாமல் வண்டிகளே தமக்குள் செய்தியைக் கைமாற்றும் ஏற்பாட்டை ஆராய்பவர்களின் இரண்டு தலைவலிகளும் இதில் அடக்கம். செய்தி போய்ச் சேர வேண்டும். சேருவது பொய்யாக இருக்கக் கூடாது.

முதலாவதற்கு மருந்து, நகல். 5.9 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ சில நூறு மீட்டர்தான் எட்டும். எதிரெதிரே விரையும் இரு வண்டிகளுக்குப் பேசக் கிடைப்பது சில நொடிகள். (தீபாவளி நேரத்து உஸ்மான் சாலை நெரிசலில் வேண்டிய மட்டும் பேசலாம்.) அதனால் செய்தியைப் பல வண்டிகளில் படியெடுத்து வைக்கிறார்கள். அளவு மீறினால் அலைவரிசையே அடைத்துக்கொள்ளும். 2005இல் வந்த 'ஸ்ப்ரே அண்ட் வெயிட்' முறை அதற்குக் கடிவாளம்: கையிலிருப்பதில் பாதியைத்தான் கொடுக்கலாம், எட்டுப் படி இருந்தால் முதலில் சந்திக்கும் வண்டிக்கு நான்கு, அடுத்ததற்கு இரண்டு.

இரண்டாவதுதான் வில்லங்கம். 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 பழைய செல்போன்களைக் கைவண்டியில் போட்டு பெர்லின் தெருக்களில் இழுத்துப் போனார். காலித் தெருவில் நெரிசல் என்று கூகுள் மேப்ஸ் சிவப்புக் கோடு போட்டது. தலையை எண்ணி நம்பினால் இதுதான் கதி. தெருவில் "தண்ணி லாரி வந்தாச்சு" என்று சத்தம் கேட்டால், குரல் யாருடையது என்று பார்த்துத்தானே குடத்தைத் தூக்குகிறார்கள்?

வண்டிகளுக்கு அந்த விவேகம் மதிப்பெண்ணாக வருகிறது. சொன்னது மெய்யானால் ஏறும். பொய்த்தாலோ, வாங்கிய செய்தியைக் கடத்தாமல் விழுங்கினாலோ இறங்கும். மதிப்பெண் குறைந்த வண்டிக்கு நகல் கிடையாது. ஆனால் சாலையில் ஒருமுறை எதிர்ப்பட்ட கார் மறுபடி கண்ணில் படாமலே போகலாம். அதற்கு எதை வைத்து மதிப்பெண் போடுவது?

இங்கேதான் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மயிலாப்பூர், அடையாறு வழியாக ஓடும் 29சி போன்ற பேருந்துகள் கைகொடுக்கும். தினமும் அதே தடம், தெரிந்த உரிமையாளர், ஊரறிந்த அடையாளம். பேருந்து செய்தி சுமப்பதும் புதிதல்ல: 2000களின் தொடக்கத்திலேயே கர்நாடகத்தின் தொட்டபள்ளாப்பூரில் 'டாக்நெட்' திட்டம் அரசுப் பேருந்தில் வைஃபை கருவியைப் பொருத்தி, கிராமங்களுக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் இடையே நிலப் பதிவேட்டுத் தகவல்களைச் சுமக்க வைத்தது.

சென்னைப் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் செயலி 2022இல் வந்துவிட்டது. ஆனால் அதுவும் செல்போன் சிக்னலை நம்பித்தான் நிற்கிறது. வெள்ளத்தில் முதலில் சாய்வது அந்த சிக்னல்தான். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் ஒரே ஒரு தடத்திலாவது பேருந்துகளே செய்தியைக் கைமாற்றும் ஏற்பாட்டை மாநகரப் போக்குவரத்துக் கழகம் சோதித்துப் பார்க்கட்டும்.