தார் ரோட்டிலிருந்து தெரியாத கணக்கு

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்து வாசலில் நின்றிருக்கிறீர்களா? எதிரே செங்கம் ரோடு, பின்னால் மலை. முற்பகலில் சாதுக்களும் ஏழைகளும் சோற்றுக்காக வரிசையில் நிற்பார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: நெல் பெருகினால் பசி குறைகிறதா?

இந்த ஊர் 1989 வரை வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. ஐ.ஆர். 8, ஐ.ஆர். 20 என்ற குட்டை நெல் வந்ததும், பசுமைப் புரட்சி என்று ஒரே கோலாகலம். கேம்பிரிட்ஜ், சென்னை சர்வகலாசாலைக்காரர்கள் 1973-ல் கிராமம் கிராமமாகப் போய் விசாரித்தார்கள். சர்க்கார் காகிதத்தில் இருந்த அளவு புது நெல் வயலில் இல்லை!

அந்தக் கோஷ்டியில் ராபர்ட் சேம்பர்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர். கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யாவில் அதிகாரியாக இருந்தவர். பிற்பாடு அங்கே ம்வேயா என்ற இடத்தில் நெல் விவசாயிகளைக் குடியேற்றிய திட்டத்தை ஆராய்ந்தவர். 1983-ல் அவர் எழுதிய புத்தகம் அதிகாரிகளையும் ஆராய்ச்சிக்காரர்களையும் ஒருசேரக் குட்டியது. ஜீப்பில் வருகிறவர்கள் தார் ரோட்டோரத்துக் கிராமத்தோடு திரும்பிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. ஏழைக்குக் காய்ச்சலும் கடனும் பசியும் சேர்ந்து வருவதோ அப்போதுதான். பேசுவதும் ஆண்களிடமே. நம் வீட்டிலேயே பாருங்களேன், மளிகைச் செலவை ஐயாவிடம் கேட்டால் ஒரு கணக்கு, அம்மாவிடம் கேட்டால் வேறு கணக்கு அல்லவா?

பத்து வருஷம் கழித்து, பீட்டர் ஹேசலும் நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் சி. ராமசாமியும் அதே ஜில்லாவுக்குப் போனார்கள். இந்தத் தடவை நல்ல சேதி. சின்ன விவசாயிகளும் புது நெல்லுக்கு மாறியிருந்தார்கள். கூலிக்காரர் வீட்டிலும் வருமானம் கூடியிருந்தது. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: விவசாயத்தில் ஒரு ரூபாய் கூடினால், வயலுக்கு வெளியே இன்னும் 87 காசு வருமானம் பிறந்ததாம். உரக்கடை, அரிசி ஆலை, ரிப்பேர் கடை ஒரு பக்கம். கையில் காசு கண்ட குடும்பங்கள் வாங்கிய துணிமணி, சாமான்கள் மறு பக்கம். ஆரணிக் கடைவீதியின் சுறுசுறுப்பில் நெல்லுக்கும் பங்கு உண்டு என்று இனி நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், 1993-ல் மூன்றாம் தடவையாகப் போனவர்கள் கிணற்றடியில் நின்றுவிட்டார்கள். பம்புசெட்டுகள் பெருகப் பெருக, நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருந்தது. வசதியுள்ளவர் இன்னும் ஆழமாகத் தோண்டினார். பக்கத்து ஏழையின் கிணறு வறண்டது. அவரும் கடன் வாங்கித் தோண்டினார். தண்ணீர் வராவிட்டாலும் வட்டி வந்தது.