கற்பனைக் கோளுக்கு ஒரு வெப்பக் கணக்கு



பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதில் வரும் மாந்தராகி முடிவெடுப்பார்கள். ஐயமான இடங்களில் பகடை தீர்ப்புச் சொல்லும். 1977இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டிராவலர்’ என்னும் விளையாட்டு விண்வெளியைக் களமாகக் கொண்டது. புதிய கோளின் அளவு, காற்று, நீர்ப்பரப்பு ஆகியவற்றை அதில் பகடை உருட்டியே அமைப்பார்கள். ஆயினும் அளவுக்குக் கிடைத்த எண், காற்றுக்கான கணக்கிலும் சேர்க்கப்படும். சிறிய கோளால் காற்றை எளிதில் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்னும் உண்மையை அவ்விதி மதிக்கிறது.

இவ்வாறே வெப்பத்துக்கும் மழைக்கும் காரணத்தோடு பொருந்திய விதி அமைக்கலாமா என்பதை இன்று காண்போம். சோதனைக்கு நம் ஜொகூர் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் அறிந்த ஊருக்குச் சரியான விடை தராத விதி, அறியாத கோளுக்குச் சரியான விடை தருமா?

முதலில் கோளின் சராசரி வெப்பம். பூமி, தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்குச் சுமார் 30 பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சிய ஒளியை மட்டும் கணக்கிட்டால் பூமியின் வெப்பநிலை 255 கெல்வின். இதிலிருந்து 273ஐக் கழித்தால் செல்சியஸ் அளவு கிடைக்கும். அதாவது சுழிக்குக் கீழே 18 டிகிரி. கடலெல்லாம் உறைந்திருக்க வேண்டும்! உறையாமல் காப்பவை காற்றிலுள்ள நீராவியும் கரியமிலவாயுவும் ஆகும். அவை போர்வைபோல் நின்று ஏறத்தாழ 33 டிகிரியைக் கூட்டுகின்றன. ஆகவே சராசரி சுமார் 15 டிகிரி ஆகிறது.

இதையே விதியாக்கலாம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை 1 என்று கொள்வோம். நம் கற்பனைக் கோள், சூரியனைப் போன்ற விண்மீனிலிருந்து 1.44 மடங்கு தொலைவில் இருக்கட்டும். 1.44இன் வர்க்கமூலம் 1.2. 255ஐ 1.2ஆல் வகுத்தால் சுமார் 212 கெல்வின். பூமியின் போர்வையையே போர்த்தினாலும் சுழிக்குக் கீழே 28 டிகிரிதான் வரும். பனி படிந்தால் ஒளி இன்னும் அதிகமாகத் திரும்பிப்போய்க் குளிர் மேலும் கூடும். அங்கே மனிதர் வாழ வேண்டுமானால் போர்வையைத் தடிப்பாக்க வேண்டும். போர்வையின் வலிமைக்கு வெள்ளிக் கோளே சான்று. அதன் வெண்முகில்கள் பெரும்பகுதி ஒளியைத் திருப்பிவிடுகின்றன. எனினும் தரையில் சுமார் 460 டிகிரி வெப்பம்!

அடுத்து, கோளிலிருந்து ஊருக்கு வருவோம். ஒரு கோள் முழுவதற்கும் ஒரே வெப்பம் என்று எழுதிவிடலாகாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே கூட்ட வேண்டும். துருவத்தை நோக்கிக் குறைக்க வேண்டும். ஜொகூர் பாருவின் சராசரி சுமார் 27 டிகிரி. ஆகவே நடுக்கோட்டுப் பகுதிக்கு 12 கூட்டுவது பொருந்தும். உயரத்துக்கு, 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் கழிப்போம். லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அதன் உச்சிக்கு நம் விதி 19 டிகிரியைத் தருகிறது. மலையேறியவர்கள் அந்தக் குளிர்ச்சியை அறிவார்கள்.

இத்துடன் நின்றால் விதி பாதிதான். ஜொகூரில் மாதச் சராசரி வெப்பம் ஓரிரு டிகிரிக்கு மேல் மாறுவதில்லை. வெப்பத்தை மட்டும் பார்த்தால் இங்கே பருவமே இல்லை என்று தோன்றும். ஆனால் 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் என்ன நடந்தது? வடகிழக்குப் பருவமழை கொட்டியது. கோத்தா திங்கி, சிகாமட் முதலிய ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. நம் பருவத்தைச் சொல்வது வெப்பமானி அன்று, மழைமானியே.

பகடைக்கு உரிய இடம் இங்கேதான். இரண்டு பகடைகளை உருட்டுவோம். மழைக்காலத்தில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கனமழை. 36 வாய்ப்புகளில் 10. பிற மாதங்களில் 11 வேண்டும், 36இல் 3. பருவமழை நாள்கணக்கில் தொடரும் இயல்புடையது. ஆதலின் முந்திய நாள் கனமழையானால் விழுந்த எண்ணோடு 2 கூட்டலாம். மூன்று நாள் தொடர்ந்தால் ஆறு கரை கடக்கும். அப்போது ஆடுவோர் பயணத்தைத் தொடர்வதா, மேட்டுநிலம் தேடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். விதி கதையாவது அவ்விடத்தில்தான்.

இன்னும் ஒன்று. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால், அது நூற்றுக்குச் சுமார் 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே போர்வை தடித்தால் வெப்ப எண்ணோடு மழை எண்ணும் மாற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நம் பூமியின் சராசரி வெப்பம் 1 டிகிரிக்கு மேல் உயர்ந்துள்ளது. கற்பனைக் கோளில் விதி பிழையானால் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். ஆற்றங்கரையில் குடியிருப்போருக்கு அந்த வசதி இல்லை.

தொலைவு, ஒளியைத் திருப்பும் அளவு, போர்வை, இடம், உயரம், மழை, இவை முதலில். பகடை கடைசியில். இந்த வரிசையை மனத்தில் கொண்டு கோள் படைப்போர், தாம் வாழும் கோளையும் நன்கு அறிந்துகொள்வர்.