பெயரில் மட்டும் நின்ற துத்தி

சொல் நிலைத்து நிற்கப் பொருள் மாறிவிடுதல் மொழிகட்கு இயல்பு. எள்ளின் நெய்யே எண்ணெய் எனப்பட்டது. இன்றோ தேங்காயெண்ணெய் என்கின்றோம்; மண்ணெண்ணெய் என்றுங் கூறுகின்றோம். ஆங்கு எள்ளை நினைப்பார் யார்? இத்தகைய வரலாறுடையதோர் இனிப்பே, பண்டிகைக் காலங்களில் எம் பாமன்கடைச் சிறுவர் விரும்பியுண்ணும் மாஷ்மெலோ.

ஆங்கிலத்தில் இப்பெயர் சதுப்பு நிலத்து வளரும் ஒரு செடிக்கு உரியது. சீமைத்துத்தி என்பது அதன் தமிழ்ப் பெயர். நம் துத்தியும் வெண்டியும் செவ்வரத்தையும் அதன் குடும்பத்தனவே. வெண்டிக்காயை அரியுங்கால் விரலில் ஒட்டும் வழுவழுப்புச் சீமைத்துத்தியின் வேரிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு நாட்டு மிட்டாய் வினைஞர் அவ்வேர்ச்சாற்றைச் சீனியோடும் முட்டை வெண்கருவோடும் நுரைக்க அடித்து இவ்வினிப்பை ஆக்கினர். பின்னர் வேர்ச்சாற்றின் இடத்தை ஜெலற்றின் பற்றிக்கொண்டது. செடி அகன்றது, பெயர் மட்டும் எஞ்சியது.

இன்று இது செய்யப்படும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு, உயிர்த்த ஞாயிறுத் திருநாளுக்கெனக் கோழிக்குஞ்சு வடிவில் ஆக்கப்படும் 'பீப்ஸ்'. அமெரிக்காவில், பென்சில்வேனிய மாநிலத்துப் பெத்லகேம் நகரிலுள்ள ஜஸ்ட் போர்ன் நிறுவனம் இதனைச் செய்கின்றது. 1953இல் அந்நிறுவனம் றொட்டா மிட்டாய்க் கம்பனியை வாங்கியபொழுது, அங்கே பெண்கள் பலர் இருந்து ஒவ்வொரு குஞ்சையுங் கையாற் பிழிந்தனர். ஒரு குஞ்சு முற்றுப்பெற 27 மணி நேரஞ் சென்றது. நிறுவனர் சாம் போர்னின் மைந்தர் பொப் போர்ன் இயந்திரத்தைப் புகுத்தினார்; இன்று அவ்வேலை ஆறு நிமிடத்தில் முடிகின்றது.

சீனியும் சோளப்பாகும் கொதிக்கின்றன, ஜெலற்றின் சேர்கின்றது. காற்றைப் புகுத்தி அடிக்கப் பாகு நுரைத்து வெளுக்கின்றது. நிறச்சீனி பரப்பிய பட்டியின்மேற் குழாய்முனைகள் குஞ்சுகளை இட்டுச் செல்கின்றன. காற்று வீச, சீனி மேலெழுந்து அவற்றைப் போர்க்கின்றது. கண்களாக வைக்கப்படும் மெழுகு, பிரேசில் நாட்டுப் பனையினத்து மரமொன்றின் ஓலையிலிருந்து பெறப்படுவது.

நுரை அடங்கிவிடாமற் காப்பது ஜெலற்றினே. அது விலங்கின் தோல், எலும்பு முதலியவற்றினின்று எடுக்கப்படுவது. பீப்ஸில் உள்ளது பன்றியினின்று பெறப்பட்டது. செடியின் பெயர் தாங்கிய இனிப்பைச் சைவ உணவினரும் இசுலாமியரும் ஐயுறாது உண்ணுதல் கூடும். பல சமயத்தார் அயலவராய் வாழ்ந்து, திருநாட்களிற் பண்டங்களை ஒருவர்க்கொருவர் வழங்கும் எம் தெருக்களில் இது சிறு செய்தியன்று. கடற்பாசிச் சத்துக்கொண்டு செய்யப்படும் மாஷ்மெலோக்களும் உள. மாட்டு ஜெலற்றின் சேர்ந்தனவும் உள. ஆதலின் உறையிலுள்ள சேர்மானப் பட்டியலை வாசித்தறிதல், கொடுத்தவர் அன்பை ஐயுறுவதாகாது.

இதற்குத் தமிழ் யாதென மாணாக்கர் வினவியபொழுது, நுரைமிட்டாய் என்றேன். காரணப்பெயராய்ப் பிறந்தது காரணம் இழந்து நின்றமையால், இன்றுள்ள காரணம் நோக்கி இட்ட பெயர் அது. ஆயினும், நுரை என்னுஞ் சொல்லும் அதனைத் தாங்கிநிற்பது யாதென்று கூறாது. அதனை நாமே கேட்டறிதல் வேண்டும்.