மலைப் பள்ளிக்கூடம் – 7: ஆறாம் வகுப்பு எவ்வளவு தூரம்?

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோவதற்குப் பாடமோ மொழியோ முதற்காரணம் இல்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். தமிழே அவர்கள் வீட்டில் பேசும் மொழி. இந்த வாரம் விடுதியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு விதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் வந்தது. அதை ஒட்டி 2010-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளில் ஒன்று, 1 முதல் 5 வரை படிக்கும் குழந்தைக்கு 1 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள்ளும், 6 முதல் 8 வரை படிப்பவருக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஒரே கோடை விடுமுறையில் பிள்ளைக்கு வழி மூன்று மடங்காக நீளலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. திருப்பத்தூர் நகரில் 3 கிலோமீட்டர் ஒன்றும் பெரிதில்லை. புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் அது ஏற்றம், இறக்கம், மழைக்காலத்தில் ஓடை. ஆனால் என்னை நிறுத்தியது இதற்கு அடுத்த பகுதி. கரடுமுரடான நிலம், மண்சரிவு, வெள்ளம், சாலையின்மை உள்ள இடங்களில் இந்தத் தூரத்தைக் குறைத்து, குழந்தை ஆபத்தில்லாமல் வந்துசேரும்படி பள்ளியை அமைக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பள்ளியே இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இலவசப் போக்குவரத்து, தங்குமிடம் போன்ற ஏற்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது. மலையைப் பார்த்து எழுதியது போன்ற இந்த வரிகளை ஜவ்வாது மலைச் சிற்றூர்களின் கிராமசபைகளில் உரக்கப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தூரத்தோடு சோறும் சேர்ந்துகொள்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அருமையான திட்டம். ஆனால் அது வகுத்துக்கொண்ட எல்லை ஐந்தாம் வகுப்பு. விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து நடந்து போகும் பிள்ளைக்கு வழி நீளும் அதே ஜூன் மாதத்தில் காலை உணவும் நின்றுபோகிறது. அந்தப் பிள்ளையிடம் தன்னம்பிக்கை வேண்டும் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பசியில்லாமல், பயமில்லாமல் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தைரியம் என்ற பேச்சே தொடங்குகிறது.

பெற்றோருக்கு அக்கறை இல்லை, காப்பித் தோட்ட வேலைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பார்கள். வேலை தேடி வெளியூர் போவது உண்மை. ஆனால் ஐந்து வருடம் பள்ளிக்கு அனுப்பியவர்களும் அதே பெற்றோர்தானே? பெற்றோர் மாறவில்லை, பள்ளிதான் தள்ளிப் போயிருக்கிறது. சிற்றூருக்குச் சிற்றூர் ஆறாம் வகுப்பு திறக்க முடியுமா என்ற கேள்வி இதைவிட நியாயமானது. நாலு பிள்ளைக்குப் பாடவாரியாக ஆசிரியர் போட முடியாதுதான். அப்படியானால் விதி காட்டும் இன்னொரு வழி, வண்டி. இலவசப் பேருந்து அட்டை இருக்கிறதே என்றால், பேருந்து ஏறாத ஊரில் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேரளத்தில் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு அரசுச் செலவில் ஜீப்பும் ஆட்டோவும் ஓட்டும் ‘கோத்ர சாரதி’ திட்டம் வந்தது. இன்று அதற்கு ‘வித்யா வாஹினி’ என்று பெயர். வயநாட்டில் ஓடும் ஜீப் புதூர்நாட்டில் ஓடாது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

உண்டு உறைவிடப் பள்ளி இருக்கும்போது வண்டி எதற்கு என்பது மிச்சமிருக்கும் மறுப்பு. பத்து வயதுப் பெண் குழந்தை வீட்டை விட்டுப் போய்த்தான் ஆறாம் வகுப்பு படிக்க வேண்டுமா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அது ஒரு பத்தியில் முடியாது. விடுதியின் முதல் மாதம் எப்படிப் போகிறது என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன்.