கைகள் பேசும் வகுப்பறை

வானொலி செவிக்குரிய கருவி. காது கேளாதவர் கல்வியைப் பற்றி அதன் வழியே உரையாற்றுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வுரை கேட்கும் ஆற்றல் பெற்ற மாணவ நண்பர்களாகிய உங்களுக்கே உரியது. காது கேளாத மாணவர் ஒருவர் உங்கள் வகுப்பில் வந்து அமரும் நாளில், அவருடைய கல்வி ஆசிரியரை மட்டும் சார்ந்ததன்று, உங்களையும் சார்ந்தது.

நான் பள்ளிகளில் சைகைமொழி பெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறேன். பிறந்த ஊர் கொற்கை. முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டிநாட்டுப் பழந்துறை அது. முத்துக் குளிப்பவர் கடலடியில் வாய்திறந்து பேச இயலாது. கயிற்றை அசைத்தே படகில் இருப்பவருக்குக் குறிப்புக் காட்டுவார். 'என்னை மேலே இழு' என்பதற்கு அந்த அசைவு போதும். ஆனால், 'நேற்றைவிட இன்று சிப்பி குறைந்திருப்பது ஏன்?' என்று கயிற்றால் வினவ முடியுமா? முடியாது. கயிற்றசைவு வெறும் குறிப்பு. அது மொழி ஆகாது.

சைகைமொழியையும் இத்தகைய குறிப்புகளின் தொகுதி என்றே பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நேற்றையும் நாளையையும், காரணத்தையும் ஐயத்தையும், நகைச்சுவையையும் கணக்கையும் அதனால் சொல்ல முடியும். அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு. இந்தியச் சைகைமொழியில் 'என்ன', 'எங்கே' போன்ற வினாச்சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வரும். 'கொடு' என்னும் சைகை கொடுப்பவரிடமிருந்து பெறுபவரை நோக்கி நகரும்; யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை அந்த நகர்ச்சியே உணர்த்திவிடும். புருவமும் கண்ணும் தலையசைவுங்கூட அவ்விலக்கணத்தின் உறுப்புகளே.

ஒரு வரலாற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். "தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகியது, கொற்கையின் வாணிகம் பழையகாயலுக்குச் சென்றது" என்கிறார் ஆசிரியர். நான் சொல்லுக்குச் சொல் சைகை காட்டுவதில்லை. முதலில், இது முற்காலத்துச் செய்தி என்று காலத்தை நிறுவுகிறேன். பிறகு என் முன்னுள்ள வெளியில் கடலுக்கு ஓரிடம், ஆற்றுக்கு ஓரிடம், ஊருக்கு ஓரிடம் வகுக்கிறேன். ஆறு மண்ணைக் கொணர்கிறது, மண் படிகிறது, கடல் அகல்கிறது, கப்பல்கள் ஊரை விட்டு வேறிடம் நாடுகின்றன. ஆசிரியர் இரண்டு வாக்கியங்களில் சொன்னது மாணவர் கண்முன் ஒரு நிலப்படமாக விரிகிறது.

சொல்லைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்க்க வேண்டும் என்பதற்கு நம் தாய்மொழியே சான்று. 'மீன் பிடித்தான்', 'சளி பிடித்தது', 'மழை பிடித்துக்கொண்டது', 'பாட்டுப் பிடிக்கும்' என்கிறோம். சொல் ஒன்று; பொருள் நான்கு. நான்கிற்கும் கையால் பற்றும் சைகையையே காட்டினால் கேலிக்கூத்தாகிவிடும். ஆகவே, மறுநாள் நடக்கவிருக்கும் பாடத்தை முதல்நாள் இரவே நான் படித்துவிடுகிறேன். எனக்கே விளங்காத பாடத்தை என் கைகள் எவ்வாறு விளக்கும்?

இப்பணிக்கு எல்லையும் உண்டு. நான் ஆசிரியன் அல்லேன். ஆசிரியர் சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் மாணவரிடம் சேர்க்கவேண்டும். மாணவர் சைகையில் சொன்னதை அவ்வாறே குரலில் சொல்லவேண்டும். மாணவர் தவறான விடை கூறினால், தவறான விடையாகவே அது ஆசிரியர் செவியை அடையவேண்டும். இரக்கத்தால் நான் அதைத் திருத்திவிட்டால், ஆசிரியர் அம்மாணவருக்குக் கற்பிக்கும் வாய்ப்பை நானே பறித்தவன் ஆவேன். பின்வரிசையில் எழும் நகைச்சுவையையும் சைகையில் சொல்லிவிடுவேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒருவர் மட்டும் காரணம் அறியாமல் அமர்ந்திருப்பது கொடுமை அன்றோ?

இங்கு ஓர் உண்மையை நினைவிற் கொள்ளுங்கள். கேட்பவர் காதால் கேட்டுக்கொண்டே கரும்பலகையைப் பார்க்கலாம், குறிப்பும் எழுதலாம். காது கேளாதவருக்கோ மூன்று வேலைக்கும் கண் ஒன்றே. என்னைப் பார்க்கும்போது பலகையைப் பார்க்க இயலாது. எழுதக் குனிந்தால் என்னைக் காண இயலாது. ஆசிரியர் படம் வரைந்தபின் சில நொடிகள் வாளாவிருந்தால் போதும்; அந்த இடைவெளியில் மாணவர் படத்தையும் பார்த்துவிடுவார், விளக்கத்தையும் பெற்றுவிடுவார்.

'உதட்டசைவைப் பார்த்தே அறிந்துகொள்ளலாகாதா?' என்று வினவுவோர் உளர். கண்ணாடி முன்னின்று 'படம்', 'மடம்' என்று ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். 'பாலை', 'மாலை' என்றும் சொல்லிப் பாருங்கள். உதடுகள் வேற்றுமை காட்டுகின்றனவா? ஆனாலும் 1880-ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சுமுறையையே கைக்கொள்ள வேண்டும் எனத் தீர்மானித்தது. அதன்பின் பல நாட்டுப் பள்ளிகளில் சைகைமொழி ஒதுக்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அமெரிக்க அறிஞர், சைகைமொழிக்கும் பேச்சுமொழி போன்றே உள்ளமைப்பு உண்டென்று ஆராய்ந்து காட்டினார். 2010-ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு, மிலான் தீர்மானங்களைப் புறந்தள்ளி வருத்தம் தெரிவித்தது. இடையில் கழிந்த ஆண்டுகள் நூற்று முப்பது.

நம் நெல்லைச் சீமைக்கும் இத்துறையில் பழைய தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்ஸ் சுவைன்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி பாளையங்கோட்டையில் காது கேளாத சிறார்க்குக் கல்விப்பணி தொடங்கினார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் அங்கே நடைபெறுகிறது. இந்தியச் சைகைமொழிக்கென ஆராய்ச்சிப் பயிற்சி மையம் ஒன்றை நடுவணரசு 2015-இல் தில்லியில் நிறுவியது. அம்மையத்தின் அகராதி 2021-இல் பத்தாயிரம் சொற்களை எட்டியது. சைகைமொழியில் தேர்ந்த ஆசிரியர்களைப் பயிற்றி அமர்த்துவது அரசின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது.

எனினும், ஒரு பாலம் நிற்க இரு கரைகளும் வேண்டும். காது கேளாத குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். என் தமக்கையும் அத்தகையவரே. வீட்டில் நாங்களாகவே அமைத்துக்கொண்ட சில சைகைகளால் 'உண்', 'உறங்கு', 'வா' என்று சொன்னோம். பாட்டி இறந்தபோது, 'ஏன்? எங்கே போனார்?' என்று அவர் கேட்கவும் வழியில்லை. நாங்கள் சொல்லவும் வழியில்லை. பாளையங்கோட்டையில் பள்ளியில் சேர்ந்து சைகைமொழி கற்ற பின்னரே அவர் முதன்முதலாக அவ்வினாவை எங்களிடம் கேட்டார். குழந்தை மொழியை எளிதாகப் பற்றிக்கொள்ளும் பருவம் முதற் சில ஆண்டுகளே. அப்பருவம் மொழியின்றிக் கழிந்துவிட்டால், பின்னர் எத்துணைத் திறமுடைய மொழிபெயர்ப்பாளர் வகுப்பில் நின்றாலும் அவ்விழப்பை முற்றும் ஈடுசெய்தல் அரிது. இதனைக் குழந்தை பெற்ற இல்லங்களில் எடுத்துச் சொல்லுங்கள்.

வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியவை எளியவை. ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசுங்கள். பலர் ஒருங்கே பேசினால் இரண்டு கைகளால் அவ்வளவையும் காட்ட முடியாது. பேசும்போது என்னைப் பாராமல் உங்கள் தோழரைப் பாருங்கள். உரையாடுவது நீங்களும் அவருமே. மாலையில் உங்கள் குறிப்பேட்டை அவருக்குக் கொடுங்கள். 'உன் பெயர் என்ன?', 'சாப்பிட்டாயா?', 'ஏன்?' எனப் பத்துச் சைகைகளையேனும் அவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

பாடவேளையில் நான் உடனிருப்பேன். நண்பகல் உணவு வேளையில் மரத்தடியில் அமர்ந்து நீங்களும் அவரும் கதை பேசும்போது இடையே மொழிபெயர்ப்பாளன் தேவைப்படாதிருக்க வேண்டும். அந்நிலை வாய்க்கும் பள்ளியில்தான் என் பணி நிறைவுற்றதாகக் கருதுவேன்.